முப்பது நாளில் மனுவுக்கே பதில் வராது: இதழியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இதழியல், ஊடகவியல் பாடத்திட்டக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஈரோட்டில் ஒரு தமிழ் நாளிதழில் நிருபராகவும், பின்னர் செய்திப் பிரிவிலும் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு கடைசி ஏழு ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அந்தப் பழக்கத்தில் ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். பட்டப்படிப்பில் ஒரு பருவத்தை முழுமையாக, ஒரு தாலுகாவில் தங்கிச் செய்தி சேகரிப்பதற்கென்றே ஒதுக்கித் தாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, பயிற்சி மாணவர் ஒருவரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு அனுப்பினேன். மதியம் அவர் கொண்டுவந்த காணொளி அருமையாக இருந்தது. மனுவோடு வரிசையில் நின்ற ஒரு மூதாட்டியின் விரல் நடுக்கம்கூட அதில் பதிவாகியிருந்தது. அந்த அம்மா எந்த ஊர், என்ன கேட்டு வந்திருக்கிறார், இதற்கு முன் எத்தனை முறை வந்தார் என்று விசாரித்தேன். மாணவர் எதையும் கேட்டிருக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில், நிலத்தின் பட்டாவில் பெயரை மாற்றித் தரச் சொல்லும், பட்டா மாறுதல் கேட்கும் மனு என்று தெரிந்தது. "பட்டா மாறுதல்னா என்னங்க சார்?" என்று மாணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கவுந்தப்பாடிப் பக்கம் மஞ்சளும் கரும்பும் போடுகிற தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளை அவர்.

அவரை நான் குறை சொல்லவில்லை. கேமரா கோணம், ஒளியமைப்பு, படத்தொகுப்பு, தகவல் தொடர்புக் கோட்பாடுகள் எல்லாவற்றையும் அவருக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருந்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் என்னென்ன பதிவேடுகள் இருக்கும், வட்டாட்சியர் அலுவலகத்தில் எதை எந்த மேசையில் கேட்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போதைய ஏற்பாட்டில் பயிற்சி என்பது பெரும்பாலும் ஒரு மாதம். ஒரு சான்றிதழுக்கு அது போதும். ஒரு செய்திக்குப் போதாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால், பதில் தருவதற்கு அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதை முடிக்க 30 நாள், காரணம் காட்டினால் 45 நாள். ஆக, மாணவர் முதல் நாளே மனுப் போட்டாலும், பதில் வரும் வேளையில் அவர் பயிற்சி முடித்து ஊருக்குப் போயிருப்பார். ஒரு பருவம் முழுக்க இருந்தால் மனு, மறுப்பு, மேல்முறையீடு, உத்தரவு என்று அத்தனையையும் தன் கையாலேயே செய்து பார்த்துவிடலாம். அந்தச் சட்டத்தைப் பற்றிப் பத்து மதிப்பெண் கட்டுரை எழுதுவதும் அதுவும் ஒன்றல்ல.

செய்திக்கு நம் பகுதியில் பஞ்சமும் இல்லை. கீழ்பவானிப் பாசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் போக நஞ்சைக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15 அன்று பவானிசாகர் அணையிலிருந்து நீர் திறப்பார்கள். 1,03,500 ஏக்கருக்கு 120 நாள் தண்ணீர். மதகு திறந்து பூத்தூவும் படம் மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வரும். ஆனால் அந்தத் தண்ணீர் கடைமடைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று வைத்துத் தண்ணீர் விட்டார்கள், காங்கேயம், கரூர்ப் பக்கத்து விவசாயி எதைச் சொல்லிப் புலம்புகிறார் என்பதைத் தொடர்ந்து எழுத ஆள் இல்லை. ஜூனில் தொடங்கும் பருவத்தின் பிற்பகுதி அந்த 120 நாளோடு சேர்ந்தே ஓடுகிறது. அதேபோல், 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில், பவானியின் உபரி நீரைக் குழாய் வழியே கொண்டுவந்து நிரப்ப வேண்டிய 1,045 குளம் குட்டைகள் இருக்கின்றன. ஒரு மாணவர் ஒரேயொரு குளத்தை எடுத்துக்கொண்டு, குழாய் வந்ததா, தண்ணீர் வந்ததா, பக்கத்துக் கிணறுகளில் மட்டம் ஏறியதா என்று மாதம் இருமுறை போய்ப் பார்த்து எழுதட்டும். எந்தப் பெரிய நாளிதழாலும் 1,045 இடங்களுக்கு ஆள் அனுப்ப முடியாது, உங்களால் முடியும்.

2023 மார்ச் மாதத்தை நினைவுபடுத்துகிறேன். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, வேறு மாநிலங்களில் நடந்த சண்டைகளின் காணொளிகள் பரவின. திருப்பூர் ரயில் நிலையத்தில் ஊருக்குக் கிளம்பியவர்களில் ஹோலிக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்றே பிரித்தறிய முடியாத நிலை. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து விசாரித்துப் போனது. நம் மாவட்டங்களில் ஊடகவியல் படிக்கும் பிள்ளைகள் அன்று பனியன் கம்பெனி விடுதிகளுக்குப் போய், பத்துத் தொழிலாளர்களிடம் பேசி எழுதியிருந்தால் அது அவர்களுக்கு எந்தத் தேர்வைவிடவும் பெரிய தேர்வாக இருந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வகுப்பில் அந்த வாரம் 'பொய்ச் செய்திகளின் வகைகள்' பற்றிக் கருத்தரங்கம் நடந்தது. அரங்கத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஒரு நகரப் பேருந்துப் பயணம்தான்.

என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்த பிறகு, ஒரு சிறுமி பாதிக்கப்பட்ட வழக்கைப் பற்றிய செய்தியை நான் திருத்தி அனுப்பினேன். பெயரை நீக்கிவிட்டேன். ஊர்ப் பெயர் இருந்தது. அப்பா தறி ஓட்டுகிறவர் என்ற குறிப்பும், பள்ளி எங்கே இருக்கிறது என்பதும் இருந்தன. நானூறு வீடுள்ள ஊரில் அதற்கு மேல் பெயர் எதற்கு? அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே தடுக்கிறது என்பது எனக்குப் படித்த வகையில் தெரியும். ஆனால் இரவு பத்தரை மணிக்குப் பக்கம் முடிக்கும் அவசரத்தில் கைக்கு வரவில்லை. அடுத்த வாரம் அந்தச் சிறுமியின் பாட்டி அலுவலகத்துக்கு வந்தார். திட்டவில்லை, பேத்தி பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஊடகச் சட்டத்தை வகுப்பில் மனப்பாடம் செய்ததோடு நிறுத்தாமல், ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்க, உண்மையான செய்தியில் பழக வேண்டும் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

சட்டம் என்றதும் இன்னொன்று. பயிற்சிக்கு வந்தவர்களின் குறிப்பேடுகளில் 1867-ஆம் ஆண்டுப் பத்திரிகை, நூல்கள் பதிவுச் சட்டம் இன்னும் நடப்பில் இருப்பதுபோலவே எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவதூறும் இப்போது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. இவற்றைத் திருத்த ஒரு பிற்பகல் கூட்டம் போதும்.

மொழி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதிப் பிழைக்கப் போகிறவர்கள் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டு வருகிறார்கள். 1925 மே 2 அன்று பெரியாரின் 'குடி அரசு' வார இதழ் வெளிவந்த ஊர் ஈரோடு. கோவை அவிநாசி சாலையில் 'நவ இந்தியா' நிறுத்தத்தில் தினமும் இறங்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு தமிழ் நாளிதழின் பெயர் என்று தெரியும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இனி, உங்களில் சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்று. நம் பகுதியில் நூற்பாலையும் மருத்துவமனையும் கல்லூரியும் ஒரே அறக்கட்டளையிடம் இருப்பது புதிதல்ல. துறை நடத்தும் மாணவர் இதழில் ஆண்டு விழாவும் சிறப்பு விருந்தினர் படமுமே நிறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நொய்யல் ஆற்றைப் பற்றியும், அதன் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக் கழிவைப் பற்றியும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது பற்றியும் மாணவர் எழுதினால் யாருடைய மனமாவது கோணலாம். ஆகவே மாணவர் இதழில் எது வரும், எது வராது என்பதைத் தாளாளர் அலுவலகம் முடிவு செய்யக்கூடாது என்ற ஒரு வரியைப் பாடத்திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

பெற்றோர் அஞ்சுவார்கள் என்பீர்கள். அந்த அச்சத்துக்கு இடமிருக்கிறது. 2024 ஜனவரியில், தன்னைச் சிலர் பின்தொடர்கிறார்கள் என்று காவல் துறைக்குத் தொலைபேசியில் சொல்லியும், பல்லடத்தில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் வெட்டப்பட்டார். எனவே இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். துறையின் கடிதம் கையில் இருக்கட்டும். மணல், மது விவகாரங்களை மாணவர்களிடம் விடாதீர்கள். கிராம சபையும், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டமும், சார்பு நீதிமன்றமும், பல்லடம், சோமனூர் விசைத்தறிக் கூலிப் பேச்சுவார்த்தையுமே ஒரு பருவத்துக்கு மேல் இழுக்கும்.

வருகைப்பதிவை எப்படிக் கணக்கிடுவது, மதிப்பெண்ணை யார் போடுவது என்ற கேள்விகள் எழும். மாணவரின் குறிப்பேட்டை மதிப்பிட, ஓய்வு பெற்ற நிருபர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் கட்டணம் எதுவும் வாங்காமல் வரத் தயாராக இருக்கிறோம். என்னிடம் 1990-களிலிருந்து எழுதிய நாற்பதுக்கு மேற்பட்ட குறிப்பேடுகள் இருக்கின்றன. கையெழுத்து மோசம், தேதியும் பெயரும் சரியாக இருக்கும். எந்தத் துறை முதலில் ஒரு பருவத்தை ஒதுக்குகிறதோ, அந்தத் துறை நூலகத்துக்கு அவற்றைக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செய்தி ஆசிரியர் ஒருவர்,
ஈரோடு.