அச்சகத்து அக்காவுக்கும் உங்கள் எல்லாருக்கும், அப்பாவின் சார்பில்

எல்லாருக்கும் வணக்கம். நாம் சேர்ந்து அந்தாதி எழுதுகிற நம் இணையப் பலகையில், நேற்று ராத்திரி அப்பாவின் ஔவைப் பாட்டும், கையொப்பம் பொருந்துகிறது என்பதற்கான பச்சையைக் காட்டிவிட்டது. அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. இனி பலகையில் அவர் பெயர் இருக்கிற எந்தப் பாட்டுக்குப் பக்கத்திலும் சிவப்பு இல்லை. அப்பா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அப்புறம் "ஒரு கோப்பி போடும்மா" என்றார். மணி பதினொன்று தாண்டிவிட்டது, இருந்தாலும் போட்டுக் கொடுத்தேன். பிரச்சினை தொடங்கியதிலிருந்து அவராக வாய்திறந்து எதையும் கேட்டதே இல்லை என்பது வீட்டில் இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

அப்பாவின் பழைய பாட்டுகளுக்குப் பக்கத்தில் சிவப்பு வந்ததும், அவை அவருடையவையே இல்லை என்று பேச்சு எழுந்தது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி கிளறப் போவதில்லை. யார் என்ன சொன்னார்கள் என்பதும் இங்கே வேண்டாம். அவர்களில் பலர் அப்பாவுக்கு அழைத்துப் பேசிவிட்டார்கள், அவரும் நல்லபடியாகப் பேசினார். இந்த மடல் நன்றி சொல்ல.

முதல் நன்றி ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்கிற அக்காவுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் நம் பலகையில் ஒரு வரி கூட எழுதியதில்லை. மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வந்து படித்துவிட்டுப் போவாராம், அவ்வளவுதான். அப்பாவை அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பல வருஷத்துக்கு முன்னால் கடைவாசலில் காயப்போட்டிருந்த ஒரு பத்திரிகையைப் பார்த்து, "இங்க ஒரு 'ப்' விட்டுப்போச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போன வாத்தியார் ஐயா என்றார். அப்பாவுக்கு அது நினைவிலேயே இல்லை.

அக்கா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய, புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஆண்ட்ரூ பாடர் என்பவர் 2009-இல் தொடங்கிய 'யுவர் வேர்ல்ட் ஆஃப் டெக்ஸ்ட்' மாதிரியான பலகைதான் நம்முடையதும். நாலு பக்கமும் முடிவில்லாமல் போகிற வெற்றிடம், யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கிளிக் செய்து எழுதலாம், ஒருவர் எழுதியதன் மேலேயே இன்னொருவர் எழுதலாம். இந்தச் சுதந்திரம் இருந்ததால்தான் நம் அந்தாதி இத்தனை நீளம் வந்தது. ஒருவர் முடித்த சொல்லில் இன்னொருவர் தொடங்க, ஈப்போவில் ஒருத்தர், கிள்ளானில் ஒருத்தர், இங்கே அப்பா. ஆனால் பலகைக்கு யார் எழுதினார்கள் என்பது தெரியாது. என் பெயரை நீங்கள் எழுதலாம், உங்கள் பெயரை நான் எழுதலாம். அதனால்தான் நம் ஆட்களே ஸ்கிரிப்ட் என்கிற ஒரு சின்ன நிரல் எழுதினார்கள். பிரவுசரில் டாம்பர்மங்கி என்ற நீட்சியைப் போட்டு அந்த ஸ்கிரிப்டைச் சேர்த்துக்கொண்டால் ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் பாட்டையும், பலகையில் அது இருக்கிற இடத்தையும், தேதியையும் சேர்த்து, உங்கள் கணினியை விட்டு வெளியே போகாத ரகசியச் சாவியால் கையொப்பம் போட்டு, பக்கத்துக் கட்டத்தில் எழுதிவிடும். பொதுச் சாவி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பலகையிலேயே இருக்கும், அதை வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

இதில் அப்பாவுக்குப் பிடித்த சமாச்சாரம் ஒன்று உண்டு. எட் 25519 என்ற முறையில் கையொப்பம் 64 பைட், பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் எழுதினால் பைட்டுக்கு இரண்டாக 128 எழுத்து. பலகையில் ஒரு கட்டம் என்பது வரிக்கு 16 இடமாக 8 வரி, அதுவும் 128. ஓர் இடம் மிச்சமில்லை, ஓர் இடம் போதாமலும் இல்லை. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து வர வேண்டும், இங்கேயும் வரிக்குப் பதினாறுதான் பார் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரைத்தான் அதே கட்டம் சிவப்பாக்கி நிறுத்தியது.

புதிதாக எழுதிய பாட்டெல்லாம் பச்சை, பழைய பாட்டெல்லாம் சிவப்பு. பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? பழையவை இவருடையவை இல்லை, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார் என்றுதான் தோன்றும். அப்பா ரகசியச் சாவியை மாற்றவில்லை, பாட்டில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் சாவியைத்தான் சோதித்தார்கள், தேதியைச் சோதித்தார்கள், பிரவுசரைச் சோதித்தார்கள். ஆதாரமாக இருக்கட்டும் என்று அப்பாவின் பழைய வேர்ட் கோப்பை நான் குழுவில் போட்டிருந்தேன். அது யார் யாரோ கைமாறி அக்காவிடம் போயிருக்கிறது.

மறுநாள் மதியம் எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. பின்னால் அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம். அதை அப்படியே எழுதுகிறேன்: "தங்கச்சி, எனக்கு இந்தக் கையெழுத்து விஷயமெல்லாம் தெரியாது. ஐயாவோட ஃபைல்ல 'கொடி'ன்னு இருக்கிறதுல, 'கொ' பக்கத்துல பேக்ஸ்பேஸ் தட்டினா கால் மட்டும் போகுது, கொம்பு நிக்குது, 'கெ'ன்னு ஆயிடுது. பலகையில இருந்து அதே சொல்லைக் காப்பி பண்ணிப் போட்டுத் தட்டினா கொம்பும் காலும் சேர்ந்தே போயி வெறும் 'க' நிக்குது. பார்க்க ஒண்ணுதான், ஆனா ஒண்ணு இல்ல. ஒருவேளை அதனாலயோ என்னவோ. தப்பா இருந்தா மன்னிச்சுக்கம்மா, கடையில ஆள் வந்துட்டாங்க."

அவ்வளவுதான் அந்தப் பதிவு. நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

யோசித்துப் பாருங்கள், நாள் முழுக்க மணமகன் பெயரும் மணமகள் பெயரும் மண்டப முகவரியும் அடித்து அடித்துத் திருத்துகிற கைக்குத்தான் இது தட்டுப்படும். பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பு முதலில், அடுத்து எழுத்து, அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே மூன்று துண்டாக வைத்திருப்பார்கள். அப்பா தன் பழைய பாட்டெல்லாம் அப்படித்தான் அடித்து வைத்திருந்தார். பிறகு அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய ஒரு மாற்றி மென்பொருள், கொம்பை எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சரியாகவே வைத்தது. ஆனால் கொம்பையும் காலையும் இரண்டாகவே விட்டுவிட்டது. யூனிகோடில் இந்த இரண்டும் சேர்ந்த குறிக்குத் தனியாக ஓர் எண் உண்டு. சேர்த்து எழுதினாலும் பிரித்து எழுதினாலும் ஒன்றே என்றுதான் யூனிகோட் சொல்கிறது. நாம் படித்தாலும் ஒன்றுதான். கையொப்பம் போடுகிற கணக்குக்கு மட்டும் ஒன்றில்லை, அது பைட்டை மட்டும்தான் பார்க்கும், ஒரு பைட் மாறினாலும் விடை முழுக்க வேறாகிவிடும். அப்பா பிரித்த வடிவத்தில் கையொப்பம் போட்டிருக்கிறார், பலகை சேமிக்கும்போது தானாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. கைப்பேசியில் செல்லினம் விசைப்பலகை வைத்து அவர் அடித்த புதிய பாட்டுகளில் எல்லாம் முதலிலிருந்தே சேர்ந்த வடிவம், அதனால் அவை பச்சை. ஒரு கொம்பும் ஒரு காலும். இதற்காகவா அத்தனை பேச்சு என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

குரல் பதிவை ஸ்கிரிப்டைப் பார்த்துக்கொள்கிற செந்தூல் தம்பிக்கு அனுப்பினேன். அவன் ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்தான். அவன் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, அப்பாவை மறுபடி கையொப்பம் போடச் சொல்லவே இல்லை. போடச் சொல்லியிருந்தால் இப்போதுதானே போட்டார் என்று யாராவது கேட்டிருப்பார்கள். பலகையில் இருக்கிற பாட்டை எடுத்து, ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்று ஒரு வசதி 2015 முதல் இருக்கிறதே, அதை வைத்துக் கொம்பையும் காலையும் மறுபடி பிரித்து, அப்பா அன்றைக்கே போட்ட அதே பழைய கையொப்பத்தோடு, பலகையில் எப்போதும் இருந்த அதே பொதுச் சாவியை வைத்து ஒப்பிட்டான். வரிசையாகப் பச்சை. யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியிலேயே செய்து பார்க்கலாம், பலர் செய்தும் பார்த்தீர்கள்.

ஔவைப் பாட்டு மட்டும் அடம்பிடித்தது. காரணம் 'ஔ'. அந்தப் பிரிக்கிற வேலை, ஔகாரத்தையும் இரண்டாக உடைத்துவிடுகிறது. அந்த மாற்றி மென்பொருளோ அதை ஒரே எழுத்தாகத்தான் வைத்திருந்தது. தம்பி அந்த ஓர் எழுத்தை மட்டும் உடைக்காமல் விடச் செய்ததும், நேற்று ராத்திரி அதுவும் பொருந்தியது. இப்போது ஸ்கிரிப்ட் கையொப்பம் போடுவதற்கு முன்னாலும் சரிபார்ப்பதற்கு முன்னாலும் எழுத்துகளைச் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது, அதில் பொருந்தாத பழைய கையொப்பத்தைத் தம்பி செய்த மாதிரி பிரித்த வடிவத்திலும் பார்க்கிறது. எல்லாரும் புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள், பழையதை வைத்துக்கொண்டு யாரையும் சோதிக்காதீர்கள்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். பள்ளியில் எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்த காலத்து நோட்டில் அப்பா எழுதிக் கொடுத்த பாட்டைத் தேடிப் படமெடுத்து அனுப்பிய அவருடைய மாணவர்களுக்கு. பள்ளி விழாவில் அவர் பாடியதைக் கேட்டோம் என்று முன்வந்து சொன்ன பழைய ஆசிரியர்களுக்கு. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்து, எதையும் கேட்காமல் அப்பாவோடு சும்மா உட்கார்ந்துவிட்டுப் போன இரண்டு பெரியவர்களுக்கு. எல்லாரும் எதிர்ப்பக்கம் நின்றபோது "பொறுங்க, கணக்கு முடியட்டும்" என்று மட்டும் எழுதிய கிள்ளான் அண்ணனுக்கு. சாப்பாடு தாபாவ் பண்ணிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்கு.

ஸ்கிரிப்டே வேண்டாம், எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அது இல்லாமல் இருந்தால் அப்பா தன் பக்கத்தை எதை வைத்துக் காட்டியிருப்பார்? ஆனால் அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று நாம் ஒரு முடிவுக்கு வர வேண்டும். பச்சை என்றால் இந்தச் சாவியை வைத்திருப்பவர் இந்த எழுத்துகளுக்குக் கையொப்பம் போட்டார் என்று அர்த்தம். அந்தக் கவிதை அவருடைய மனசில் பிறந்தது என்று அது சொல்லாது, அடுத்தவர் பாட்டைக் காப்பியடித்தும் ஒருவர் கையொப்பம் போட முடியும். சிவப்பு என்றால் பைட்டுகள் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஒரு மனிதர் பொய் சொன்னார் என்று அது சொல்லவே சொல்லாது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரை ஒரு நிறத்தை வைத்துத் திருடன் என்று பேச நமக்கு அந்த ஸ்கிரிப்ட் அனுமதி தரவில்லை, அதை எழுதியவர்களும் தரவில்லை. சிவப்பு வந்தால் முதலில் அந்த ஆளை அழைத்துக் கேளுங்கள். இதை நான் வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

என் பங்குக்கு ஒரு வேலை எடுத்துக்கொள்கிறேன். அப்பா மாதிரி பழைய எழுத்துருவில் பாட்டு வைத்திருக்கிற பெரியவர்கள் பினாங்கிலும் கெடாவிலும் நிறைய பேர் இருக்கிறார்கள். சிலருடைய கணினியே இப்போது ஓடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து மாற்றித் தருகிறேன், கொம்பும் காலும் சேர்ந்திருக்கிறதா என்று பேக்ஸ்பேஸ் தட்டியே பார்த்துத் தருகிறேன், சாவி உருவாக்கி அதற்கு ஒரு நகலையும் பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்லித் தருகிறேன். காசு எதுவும் வேண்டாம். அப்பாவும் கூட வருவார்.

அந்தாதியில் அவர் இன்று காலை பசியாறியதும் ஒரு பாட்டு எழுதிவிட்டார், 'கடல்' என்று முடிகிறது. அடுத்து யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உங்களுக்கு என்ன கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களும் எதையும் வாங்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் அப்பாவே முடிவு செய்துவிட்டார். இனி உங்கள் கடையில் அடிக்கிற பத்திரிகைகளுக்கெல்லாம் அவர்தான் மெய்ப்புப் பார்ப்பாராம். செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறார், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.