வைகைக் கரையில மரத்தையும் மண்ணையும் கொஞ்சம் விட்டு வைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வைகைய சுத்தம் பண்றோம், கரைய பலப்படுத்துறோம்னு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது, படிக்க சந்தோஷமாத்தான் இருக்கு, ஆறு நல்லா இருக்கணும்னுதான எல்லாருக்கும் ஆசை. ஆனா அந்தக் கரையையே நம்பி முட்டை வைக்கிற பறவைங்களப் பத்தி நான் பார்த்த வரைக்கும் ஒரு வரி கூட வரல. அதான் எழுதுறேன். சாக்கடை கலக்குறதப் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு, அதுக்குள்ள நான் போகல.

சோழவந்தான், தென்கரை பக்கம் வந்து பார்த்தா ஆத்தோரத்துல இன்னும் பழைய மரம் கொஞ்சம் நிக்குது, நீர்மருது, அத்தி, நாவல், புங்கைன்னு. சங்கப் பாட்டு காலத்துலயே வையைக் கரையில மருதந்துறை இருந்திருக்கு, அவ்வளவு பழைய சொந்தம் இந்த மரத்துக்கும் இந்த ஆத்துக்கும். நம்மூர்ல மலைக்காடுன்னா உடனே காடுன்னு ஒத்துக்குறாங்க, ஆத்தோரம் இருக்குற இந்த மரக்கூட்டத்த மட்டும் யாரும் காடுன்னு நினைக்கிறதில்ல, ஏதோ புறம்போக்குல முளைச்சதுன்னு நினைச்சு வெட்டுறாங்க, இல்லன்னா மரத்தடியில குப்பையக் கொட்டி தீ வைக்கிறாங்க, அடி கருகி ரெண்டு வருஷத்துல மரம் தானா பட்டுப்போகுது, யார் மேலயும் கேஸ் இல்ல.

அந்த மரத்துல என்ன இருக்குன்னு நிமிர்ந்து பார்த்தாத்தான் தெரியும். குக்குறுவானும் மரங்கொத்தியும் பட்ட கிளையில பொந்து குடையும், அது குஞ்சு பொரிச்சுட்டுப் போனதும் அதே பொந்துல மைனா வரும், கிளி வரும், புள்ளி ஆந்தை வரும். ஒரு பொந்து பல குடும்பத்துக்கு வீடு. அத்தி பழுத்துச்சுன்னா குயில், குக்குறுவான், குளிர் காலத்துல வர்ற மாங்குயில் எல்லாம் ஒரே மரத்துல கூடிரும். ஒரு மரத்த வெட்டுனா பத்து கன்னு நடுறோம்னு சொல்றாங்க, நடட்டும், நல்லதுதான், ஆனா அந்தக் கன்னு பருத்து, கிளை பட்டு, பொந்து விழ எத்தனை வருஷம் ஆகும்? அதுவரைக்கும் அந்தக் கிளி எங்க போகும்?

அடுத்தது மண்கரை. இத யாருமே கணக்குல எடுக்குறதில்ல. கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணிக்கு மேல ஒரே இடத்துல படபடன்னு நின்னுட்டு செங்குத்தா விழுறத பேரணைப் பக்கம் பார்த்திருப்பீங்க, அது கூடு மரத்துல இல்ல, செங்குத்தா நிக்கிற மண்கரையில நாலஞ்சு அடி ஆழத்துக்குத் தோண்டி உள்ளுக்குள்ளதான் முட்டை வைக்கும். பச்சைப் பஞ்சுருட்டானும் அப்படித்தான் மண்ணக் குடையும். ராத்திரி மணல் அள்ளுறவங்க கரைய அடியோட சரிச்சுப்புட்டாங்கன்னா அந்த வருஷத்துக் குஞ்சு மொத்தமும் போச்சு. மதுரை சிட்டிக்குள்ள ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி ரோடு போட்டாச்சு, வெள்ளத்துக்கு அது தேவைன்னு சொல்றாங்க, சரி, ஊருக்குள்ள இருக்கட்டும். ஆனா அதையே மேல சோழவந்தான் வரைக்கும் கீழ திருப்புவனம் வரைக்கும் இழுக்கணும்னு யாராவது பிளான் போட்டா, கான்கிரீட்ட மீன்கொத்தி குடையாதுங்குறதயும் சேர்த்து யோசிக்கணும்.

இப்ப சொல்றத யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது, நானும் வருஷா வருஷம் அழகர் இறங்குறதப் பார்க்க ஆத்துக்குப் போறவன்தான். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி பங்குனியில ஆத்துக்குள்ள ஜேசிபி இறங்கி வழிக்குது பாருங்க, ஆள்காட்டிக் குருவி முட்டை வைக்கிற நேரம் அதுதான். அதுக்குக் கூடுன்னு ஒண்ணும் கிடையாது, கூழாங்கல்லுக்கு நடுவுல லேசா ஒரு பள்ளம், பெரும்பாலும் நாலு முட்டை, களிமண் கலர்ல கருந்திட்டு போட்டு கூரான முனையெல்லாம் உள்பக்கமா சேர்ந்து இருக்கும், ரெண்டடி தள்ளி நின்னாலே கல்லு எது முட்டை எதுன்னு கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறுனா தாய்ப்பறவை தண்ணிக்குப் போய் வயித்து இறகை நனைச்சுட்டு வந்து ஈரத்தோட முட்டை மேல உக்காரும். அவ்வளவு பாடுபட்டுக் காக்குறத ஜேசிபி டிரைவர் பார்க்க முடியுமா, அவரக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம், வேலை கொடுக்குறவங்கதான் மாசம் பார்த்துக் கொடுக்கணும். ஆழ்வார்புரம் பக்கம் ஜனம் நிக்கிற இடத்த வழிக்கட்டும், அதுக்கு மேலயும் கீழயும் மைல் கணக்குல வழிக்கணும்னு என்ன அவசியம்?

சீமைக்கருவேலம் விஷயமும் இருக்கு. 2017ல ஹைகோர்ட் மதுரை கிளை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, அந்த மரம் போகணும்ங்குறதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்ல. ஆனா பல கண்மாயில கொக்கும் மடையானும் வக்காவும் இப்ப அதுலதான் கூடு கட்டுது, வேற மரத்த நாமதான் விட்டு வைக்கலையே. மொத்தமா ஒரே வாரத்துல வழிக்காம, கூடு இருக்குதான்னு பார்த்து, பகுதி பகுதியா எடுத்து, எடுத்த இடத்துல நாட்டுக்கருவையும் நீர்மருதும் நட்டு வளர்த்துட்டு அடுத்த பகுதிக்குப் போனா என்ன?

நம்ம மாவட்டத்து ஜனத்துக்கு இதெல்லாம் புரியாதுன்னு சொல்ல முடியாது. அரிட்டாபட்டிய 2022 நவம்பர்ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, லகுடு வல்லூறு உட்பட 250 வகைப் பறவைங்க இருக்குன்னு அரசாங்கமே சொல்லுச்சு, அங்க டங்ஸ்டன் சுரங்கம்னு வந்தப்ப மேலூர் பக்கம் எத்தனை கிராமம் ரோட்டுக்கு வந்துச்சு, 2025 ஜனவரியில அந்த ஏலத்தையே ரத்து பண்ண வச்சாங்கல்ல. பக்கத்துல சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுகுடிப்பட்டிக்காரங்க பறவைங்க பயந்துரும்னு தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல, 1977ல இருந்து அது சரணாலயம். வைகை ஓரத்துக்கு அப்படி ஒரு பேரும் இல்ல, காவலும் இல்ல.

பெருசா எதுவும் கேக்கல ஐயா. கரை வேலைக்கு டெண்டர் விடுறதுக்கு முன்னாடி நீர்வளத்துறையும் வனத்துறையும் ஒரு தடவ சேர்ந்து நடந்து பார்த்து, பொந்து உள்ள பழைய மரத்துக்கு நம்பர் போட்டு வெட்டக் கூடாதுன்னு எழுதணும். மீன்கொத்தி குடையுற மண்கரைய அப்படியே விடணும். ஆத்துக்குள்ள மெஷின் வேலை எல்லாம் மாசிக்குள்ள முடியணும். உங்க நிருபர் ஒருத்தர இந்தப் பங்குனியில சோழவந்தான் பக்கம் அனுப்பி வைங்க, எந்த மரத்துல என்ன கூடு இருக்குன்னு ஊர்க்காரங்க நாங்களே கூட்டிட்டுப் போய் காட்டுறோம், அத போட்டோவோட மதுரை பதிப்புல போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
தென்கரை, சோழவந்தான் வழி, மதுரை மாவட்டம்.