எடுத்துப் போன மீனுக்கு முடிவைச் சொல்லுங்கள்

எண்ணூர் முகத்துவாரத்தில் சோதனைக்கு மீன் மாதிரி எடுத்துச் செல்லும் அதிகாரிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதமும் வந்தீர்கள். ஐஸ் பெட்டி, கையுறை, எண் ஒட்டிய பைகள் எல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டன. என் மாமியாரின் கூடையிலிருந்து மடவை, இறால், நண்டு மூன்றையும் எடுத்தீர்கள். காசும் கொடுத்தீர்கள், அதில் குறையில்லை. "ரிசல்ட் எப்போ சார் தெரியும்?" என்று அவர் கேட்டதற்கு, "அது ஆபீஸுக்குள்ள போற ரிப்போர்ட்மா, வெளியில தர மாட்டாங்க" என்று உங்களில் ஒருவர் சொன்னார். அந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றுக்குள் புகுந்தது, அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். நிலக்கரிச் சாம்பலில் ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம் இருக்கும் என்பதும் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மீனில் அவை எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் எங்களுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் என்ன மீன் சமைக்கிறோம் என்று நீங்கள் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். நல்ல இறாலும் பெரிய நண்டும் விலைக்குப் போய்விடும். விற்காமல் மிஞ்சுவதுதான் எங்கள் குழம்பு. காலையில் பழைய சோற்றுக்கு அதுதான், இரவுச் சோற்றுக்கும் அதுதான். என் ஓரகத்திக்கு இது ஆறாம் மாதம். மீன் நிறையச் சாப்பிடு, பிள்ளைக்கு நல்லது என்று சுகாதார நிலையத்தில் சொல்லி அனுப்புகிறார்கள். எந்த மீன், எந்த ஆற்று மீன் என்று கேட்டால் அந்த நர்ஸம்மாவுக்கும் பதில் தெரியவில்லை, அவரை யார் குறை சொல்ல முடியும்? "அக்கா, நான் இதைச் சாப்பிடலாமா?" என்று அவள் தட்டை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறாள். அதற்குப் பதில் உங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது, எங்கள் அடுப்படியில் இல்லை.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, வயிற்றுப் பிள்ளையை மனதில் வைத்தே 2003இல் மெத்தில் பாதரசத்துக்கு, அதாவது மீனுக்குள் சேரும் பாதரசத்துக்கு, ஓர் அளவு வைத்தது. வாரத்துக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 80 மைக்ரோகிராம். ஒரு கிலோ மீனில் கால் மில்லிகிராம் இருந்தால், 320 கிராம் தின்றாலே அந்த வாரக் கணக்கு முடிந்துவிடும். வாரம் ஒரு நாள் மீன் வாங்கும் வீட்டுக்கும், தினமும் இரண்டு வேளை தின்னும் குப்பத்துக்கும் ஒரே பதில் எப்படிப் பொருந்தும்? காய்ச்சினாலும் பொரித்தாலும் பாதரசம் போகாது. நண்டுக்குள் இருக்கும் அந்த மஞ்சள் பகுதியில்தான் காட்மியம் அதிகம் சேரும் என்கிறார்கள். உண்மை என்றால், அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சமையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? எங்கள் பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்பது அதைத்தான்.

முடிவை வெளியிட்டால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்கிறீர்கள். இப்போது மட்டும் என்ன? "எண்ணூர் மீனாம்மா?" என்று கேட்டுவிட்டு, கூடையைத் தொடாமலே போகிறார்கள். மீன் நல்லது என்றால், அதை எழுதிக் கொடுங்கள், தைரியமாக விற்போம். கெட்டது என்றால் எது, எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். ரத்தத்தை எடுத்துக்கொண்டு ரிப்போர்ட்டைத் தராத லேபை எந்த நோயாளி பொறுத்துக்கொள்வார்?

ஜப்பானில், ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் கடல் மீனில் ஏறி ஊரையே நோயில் தள்ளிய மினமாட்டாவைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 1959இல் அந்த ஆலை மருத்துவமனையின் டாக்டர் ஹோசொகவா, ஆலைக் கழிவைக் கலந்த தீனியை ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். ஊர் மக்களுக்கு வந்த அதே வலிப்பு பூனைக்கும் வந்தது. முடிவை வெளியே சொல்ல நிர்வாகம் விடவில்லை. ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968இல். நடுவில் போன ஒன்பது வருடமும் அந்த ஊர் மீன் தின்றுகொண்டுதான் இருந்தது. எண்ணூரும் மினமாட்டாவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றா இல்லையா என்று சொல்லக்கூடிய தாள் உங்கள் மேசையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஊருக்கே கரண்ட் இங்கிருந்து போகிறது, சாம்பல் மட்டும் எங்கள் ஆற்றில் தங்குகிறது. உரம், பெட்ரோல், துறைமுகம் எல்லாம் வட சென்னைக்கு, கடற்கரைப் பூங்கா தெற்கே. கேட்க ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. சரி, அது இன்னொரு நாளைக்கு.

இன்று கேட்பது ஒன்றுதான். எடுத்துப் போன மீனுக்கு முடிவைச் சொல்லுங்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். பணம் கட்டினால், வாங்குகிற ஆளே சோதனை கேட்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சட்டத்தில் இடம் இருக்கும்போது, பிடிக்கிறவருக்கும் தின்கிறவருக்கும் சொல்ல மட்டும் என்ன தடை? மடவைக்கு இவ்வளவு, இறாலுக்கு இவ்வளவு, கர்ப்பிணிகள் வாரத்துக்கு இவ்வளவு சாப்பிடலாம் என்று தமிழில் ஒரே பக்கம் போதும். மீன் மார்க்கெட்டிலும் சுகாதார நிலையத்திலும் ஒட்டுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுங்கள், நாங்களே படகில் கூட்டிப் போகிறோம்.

தயவுசெய்து, என் ஓரகத்தியின் பிரசவத்துக்கு முன்னால் அந்த ஒரு பக்கம் எங்கள் குப்பத்துக்கு வந்து சேர ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
எண்ணூரில் மீன் விற்கும் குடும்பத்துப் பெண்