வெறும் மாடாக நிற்கும் நாட்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. ஓரிரு மாடுகளை நம்பிப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களின் வருமானத்தை உயர்த்தும் பணிக்கு நீ பொறுப்பேற்றிருப்பதை அறிந்து மனம் நிறைந்தது. முதல் ஆண்டிலேயே அவர்களுக்கு உயர்ரகக் கறவை மாடுகளை வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு மட்டும் அவசரப்படாதே என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். நான் பணியாற்றிய திட்டம் ஒன்றில் சினையுற்ற கலப்பினக் கிடேரிகளைக் கடனுக்கு வாங்கிக் கொடுத்தோம். நிறையக் கறக்கும் உடல்வாகு அவற்றுக்கு இருந்தது. அந்த உடலுக்கு ஈடுகொடுக்கும் தீனிதான் அந்த வீடுகளில் இல்லை. ஈன்ற சில வாரங்களில் விலா எலும்புகள் தெரியத் தொடங்கின, பால் சரிந்தது, மறுசினை பிடிக்கவில்லை. தவணை நாள் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்தது. இரண்டாவது ஈற்றைப் பார்க்காமலேயே பல மாடுகள் கைமாறின. கடனை அடைப்பதற்காக, முன்பே வைத்திருந்த பழைய பசுவையும் சேர்த்து விற்றுவிட்ட ஒரு குடும்பத்தாரின் முகம் இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

அன்று முதல் நான் தொழுவத்துக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை லிட்டர் கறக்கிறது என்பதன்று. கடைசியாக எப்போது ஈன்றது, இப்போது எத்தனை மாதச் சினை என்பதே. ஏழையின் நட்டம் பெரும்பாலும் அந்த விடையில்தான் ஒளிந்திருக்கிறது. 13 மாதத்துக்கு ஓர் ஈற்று என்றால் 78 மாதங்களில் 6 கன்றுகளும் 6 கறவைக் காலங்களும் கிடைக்கும். அந்த இடைவெளி பத்தொன்பது, இருபது மாதமாக நீண்டால் அதே காலத்தில் நான்குதான் மிஞ்சும். பாலும் இல்லாமல் சினையும் இல்லாமல் வெறும் மாடாக நிற்கும் நாட்களிலும் அது தின்னத்தான் செய்கிறது.

மாடு சினை பிடிக்கக்கூடிய சினைப்பருவம் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வந்து, ஒரு நாள்கூட நீடிக்காமல் போய்விடுகிறது. அதன் அறிகுறியாக மாடு இரவில் கத்தியதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த மூன்று வாரமும் வீண். சென்ற ஆண்டு ஓர் அம்மையாரின் தொழுவத்தில் சுவரெல்லாம் கரிக்கோடுகளைக் கண்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர், மாடு கத்திய நாளுக்கு ஒரு நீளக் கோடும், அதன்பின் ஒவ்வொரு விடியலுக்கும் ஒரு சிறு கோடுமாக இழுத்து வந்திருக்கிறார். பதினெட்டாவது கோடு வந்ததும் இரவில் இரண்டு முறை எழுந்து, சினைப்பருவத்துக்கு அடையாளமாக மாடு வழும்பு, அதாவது கண்ணாடி போன்ற சளி, போடுகிறதா என்று விளக்கை வைத்துக்கொண்டு பார்ப்பாராம். நாங்கள் அச்சிட்டுக் கொடுத்த பதிவேடுகள் பரணில் தூங்க, அந்தச் சுவர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இன்னொன்றையும் கவனி: சாணி அள்ளுவதும் தீனி வைப்பதும் கறப்பதும் பெரும்பாலும் பெண்களாக இருக்க, பயிற்சிக்கு அழைக்கப்படுவதோ வீட்டு ஆண்கள். உன் திட்டத்திலாவது அழைப்பு உரியவருக்குப் போகட்டும்.

அடுத்தது தண்ணீர். பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீரே என்று நாம் கல்லூரியில் படித்தோம்; ஆனாலும் நாளுக்கு இருமுறை மட்டும் வாளி காட்டும் வழக்கம் பல வீடுகளில் தொடர்கிறது. மாடு நினைத்தபோது குடிக்கும்படி ஒரு தொட்டியைக் கட்டிக் கொடுப்பதைவிடக் குறைந்த செலவில் பாலைக் கூட்டும் வழி எனக்குத் தெரியவில்லை. வைக்கோலை மட்டுமே நம்பும் வீடுகளில் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா என்ற கணக்கில் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்து எடுத்தால் செரிமானமும் புரதச் சத்தும் கூடும். யூரியா முழுவதும் கரைந்திருக்க வேண்டும், கன்றுகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்பதை ஒருமுறைக்குப் பலமுறை சொல். கரையாத கட்டியைத் தின்ற மாடு பிழைப்பது அரிது. கன்றுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால், காலம் தவறாத தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆகியவை உனக்குத் தெரிந்தவையே.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் கறவையை நிறுத்தி மாட்டுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறோம். அந்த இரண்டு மாதங்களிலும் தவணையைக் கேட்கிறோம். அதனால்தான் பலர் கடைசிச் சொட்டு வரை கறக்கிறார்கள், அடுத்த ஈற்றின் பால் அதில் கெடுகிறது. தவணைகளை மாட்டின் காலத்தை ஒட்டி அமைத்துத் தரும்படி கடன் கொடுப்பவர்களிடம் நீ இப்போதே பேசத் தொடங்கு. பாலின் கொழுப்பை ஊற்றுபவரின் கண்ணெதிரே அளந்து, அதற்கேற்ற பணத்தைக் குறித்த நாளில் கொடுக்கும் ஏற்பாடும் வேண்டும். சரியான விலை கைக்கு வராதவரை, நல்ல தீனி வாங்கு என்று அவர்களிடம் சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.

இவையெல்லாம் நிலைபெற்ற வீட்டில், நல்ல பொலிகாளையின் விந்தைக் கொண்டு கருவூட்டி, அங்கேயே பிறந்து வளரும் கிடேரியாக உயர்ரகம் வரட்டும். வாங்கிவந்த மாட்டைவிட அது அந்தத் தீனிக்கும் அந்தக் கைக்கும் பழகியிருக்கும்.

சுவரில் கோடு போடும் அந்த அம்மையார், மாடு கத்துகிறது என்று நேற்று மாலை சொல்லி அனுப்பினார். இன்று காலை சென்று சினை ஊசி போட்டுவிட்டு வந்தேன். புதிதாக ஒரு நீளக் கோட்டை என் எதிரிலேயே இழுத்தார். இருபத்தொன்றாவது கோட்டில் மாடு மீண்டும் கத்துகிறதா என்று பார்த்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்