நீர்த் திட்டங்களுக்கு நிதி தருவோருக்கு ஒரு திறந்த மடல்: ஒப்படைப்பு நாளோடு அளவீட்டை முடித்துவிடாதீர்கள்

இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் குடிநீர், மலசலகூட, சுகாதாரத் திட்டங்களுக்கு நிதி வழங்கும் வெளிநாட்டு அபிவிருத்தி முகவரகங்களின் பொறுப்பாளர்களுக்கும், அந்த நிதியைக் கொண்டு பணியாற்றும் அரச சார்பற்ற நிறுவனங்களின் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஒப்பந்தங்களில் இறுதித் தவணைப் பணம் பெரும்பாலும் ஒரு நிறைவறிக்கையின் பேரில் விடுவிக்கப்படுகிறது. எத்தனை கிணறுகள் புனரமைக்கப்பட்டன, எத்தனை மலசலகூடங்கள் கட்டப்பட்டன, எத்தனை பேர் கைகழுவுதல் பற்றிய பயிற்சியில் கலந்துகொண்டார்கள் என்ற அட்டவணையும், படங்களும், பயனாளிகளின் கையொப்பங்களும் அதில் இருக்கும். அந்த அட்டவணையில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அது வேலை முடிந்த நாளை மட்டுமே பேசுகிறது. சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் அந்தக் கிணற்றில் நீர் இருந்ததா, மாரி வெள்ளம் வடிந்த பின் அந்த நீர் குடிக்கத் தக்கதாக இருந்ததா, மலசலகூடக் குழி நிரம்பியபோது அதை யார் வெறுமையாக்கினார்கள், அது எங்கே கொட்டப்பட்டது என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. இவற்றைக் கேட்பதற்கு வரவுசெலவுத் திட்டத்தில் பணமும் இல்லை. திட்டம் முடிந்து குறைந்தது இரண்டு கோடையும் இரண்டு மாரியும் கடந்த பின் செய்யப்படும் அளவீட்டுக்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள் என்றும், அந்த அளவீடுகளை எங்கள் ஊர்களின் பொறுப்பிலேயே விட்டுச் செல்லுங்கள் என்றும் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26க்குப் பிந்திய மாதங்களை இங்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரம் மணற்பாங்கானது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தின் அடியில், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மழைநீர் தேங்கி நிற்கிறது. வீட்டுக் கிணறுகள் அந்தப் படையிலிருந்தே நீரைப் பெறுகின்றன. ஆழிப்பேரலை அவற்றை உப்புநீராலும் சேற்றாலும் நிரப்பியபோது, உதவ வந்த நிறுவனங்கள் நீரிறைக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து கிணறுகளை இறைத்து, குளோரின் இட்டு, துப்புரவு செய்யப்பட்ட கிணறுகளின் எண்ணிக்கையை ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் அறிவித்தன. பல கிணறுகளை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அடுத்தடுத்து இறைத்தன. கிணற்றுக்குப் பொது இலக்கமோ பதிவேடோ இல்லாத இடத்தில், ஒரே கிணறு இரண்டு மூன்று கணக்குகளில் ஏறுவதைத் தடுக்க வழியும் இருக்கவில்லை.

கணக்கு இரட்டித்தது சிறிய சேதம்தான். பெரிய சேதம் நிலத்துக்கடியில் நடந்தது. சேற்றை அகற்ற ஒருமுறை இறைப்பது தேவை. உப்பை அகற்றும் நோக்கில் மீண்டும் மீண்டும் வேகமாக இறைத்தால், மெல்லிய நன்னீர்ப் படை கலைந்து அடியிலுள்ள உவர்நீர் மேலெழுகிறது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிழக்குக் கரையில் கிணற்று நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனைத் தொடர்ந்து அளந்து, உப்பைக் கழுவியதில் பெரும்பங்கு மாரிமழைக்கே உரியது என்று காட்டினார்கள். கையடக்கமான, விலை அதிகமில்லாத ஒரு மானியால் இறைப்பதற்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் கழித்தும் அளந்து எழுதியிருந்தால், அந்த இறைப்பு பயன் தருகிறதா கேடு செய்கிறதா என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அப்போதே தெரிந்திருக்கும். அப்படி அளந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கரை கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அறிக்கையில் கேட்கப்பட்டது இறைத்த கிணறுகளின் எண்ணிக்கை. கேட்கப்பட்டதையே களம் செய்தது. என் மடலின் அடிப்படை இதுவே: நீங்கள் எந்த எண்ணைக் கேட்கிறீர்களோ அந்த எண் களத்தின் வேலையைத் தீர்மானிக்கிறது.

இது எங்கள் கரையோரத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. பங்களாதேஷில் 1970கள் தொடக்கம் யுனிசெப் உள்ளிட்ட அமைப்புகளின் ஆதரவோடு, குளத்து நீரால் பரவிய வயிற்றோட்ட நோய்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்காக இலட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் இறக்கப்பட்டன. நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட வேலை அது. அந்த நீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. 1993இல்தான் அந்நாட்டில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் 61 மாவட்டங்களில் நடத்தப்பட்ட ஆய்வில், ஆழம் குறைந்த குழாய்க்கிணறுகளில் 27 சதவீதமானவை லீற்றருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டின் எல்லையைத் தாண்டியிருந்தன. ஏறக்குறைய ஐம்பது இலட்சம் கிணறுகளைச் சோதித்து, எல்லையைத் தாண்டியவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையுமாகச் சாயம் பூச வேண்டியதாயிற்று. அத்தனை ஆண்டுகளும் அறிக்கைகளில் அந்தக் கிணறுகள் வெற்றியாகவே எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன.

உலக அளவிலான கணக்கிலும் இதே குறை இருந்தது. ஐக்கிய நாடுகளின் மிலேனிய அபிவிருத்தி இலக்குகளில் குடிநீர் பற்றிய இலக்கு 2010இலேயே எட்டப்பட்டுவிட்டதாக 2012இல் அறிவிக்கப்பட்டது. நீர் பெறப்படும் மூலம் எந்த வகையானது என்பதை மட்டும் பார்த்துச் செய்யப்பட்ட கணக்கு அது. நீரின் தரம் அதில் அளக்கப்படவில்லை. அவற்றுக்குப் பின் வந்த நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் அளவுகோல் மாறியது. வீட்டு வளவிலேயே நீர் கிடைக்க வேண்டும், தேவைப்படும் நேரத்தில் கிடைக்க வேண்டும், மலக்கிருமியும் ஆர்சனிக், புளோரைட்டு போன்ற முக்கிய இரசாயன மாசுகளும் அதில் இருக்கக் கூடாது என்று வரையறுக்கப்பட்டது. இந்த அளவுகோலின்படி 2022இல் உலகில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பாக முகாமை செய்யப்பட்ட குடிநீர் இருக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் இணைந்து வெளியிட்ட அறிக்கை கூறியது. உங்கள் தலைமையகங்கள் இந்த வரையறையை ஏற்றுக்கொண்டுள்ளன. எங்கள் மாவட்டங்களில் நிரப்பப்படும் நிறைவறிக்கைப் படிவங்களோ பழைய அளவுகோலிலேயே நிற்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பாருங்கள். நிரந்தரமான ஆறு எதுவும் இல்லாத அந்த நிலம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பியே வாழ்கிறது. வெடிப்பும் பொந்தும் நிறைந்த அந்தக் கல்லினூடாகக் கழிவு நெடுந்தூரம் வேகமாகப் பயணிக்கும். மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் நியமங்கள் மலசலகூடக் குழிக்கும் நீர் மூலத்துக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் இடைவெளி வேண்டும் என்றும், சுண்ணாம்புக் கல் நிலத்தில் அதற்கும் அதிகமாக வேண்டும் என்றும் சொல்கின்றன. இரண்டு பரப்பு அளவுள்ள சிறு காணியில் வீடு, கிணறு, மலசலகூடம் மூன்றும் அமையும்போது, அயல் வீட்டுக் குழியையும் சேர்த்துப் பார்த்தால், அந்த இடைவெளிக்கு எங்கே போவது? குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. விவசாய உரமும் மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணங்கள். இந்த நிலையில், ஒரு நிறுவனம் கட்டிய மலசலகூடம் ஒரு கணக்கிலும் மற்றொரு நிறுவனம் புனரமைத்த கிணறு மற்றொரு கணக்கிலும் தனித்தனி வெற்றிகளாக ஏறுகின்றன. இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கேட்கும் படிவம் அரிதாகவே என் கைக்கு வந்திருக்கிறது.

வன்னியிலும் வட மத்திய மாகாண எல்லையை ஒட்டிய ஊர்களிலும், குடிநீரால் வருமோ என்ற சிறுநீரக நோய் அச்சத்தின் பேரில் நன்கொடையாக நிறுவப்பட்ட நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே நீரின் தரத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் கரைந்துள்ள திண்மங்களை அளக்கும் சிறு மானியின் வாசிப்பு மட்டுமே. அந்த மானிக்குக் கிருமி தெரியாது. சேமிப்புத் தாங்கியும் மக்கள் கொண்டுவரும் கலன்களும் அழுக்கடைந்திருந்தாலும் அது நல்ல எண்ணையே காட்டும்.

இனி, தரவு சேகரிக்கும் முறை பற்றி. டப்லெட்டும் செயலியும் இட அமைவும் வந்த பின் தரவின் தரம் உயர்ந்துவிட்டது என்ற நம்பிக்கை உங்களிடம் பரவலாக இருப்பதைக் காண்கிறேன். எழுத்துப் பிழையும் விடுபட்ட பக்கங்களும் குறைந்திருப்பது உண்மையே. ஆனால் “சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறீர்களா?” என்று, சவர்க்காரம் பகிர்ந்தளித்த நிறுவனத்தின் இலச்சினை பொறித்த மேலாடையோடு ஒருவர் வந்து கேட்டால், எந்தத் தாய் இல்லை என்று சொல்வார்? கண்ணால் பார்த்து எழுதினாலும் நிலைமை முழுமையாகத் திருந்துவதில்லை. பங்களாதேஷ் கிராமங்களில் சவர்க்காரக் கட்டிக்குள் அசைவை உணரும் கருவியை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், அவதானிப்பாளர் வீட்டில் இருந்த நாளில் சவர்க்காரப் பாவனை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. கைகழுவும் இடத்தில் நீரும் சவர்க்காரமும் இருக்கின்றனவா என்று முன்னறிவிப்பின்றிச் சென்று பார்ப்பது எளியது. வாய்ச்சொல்லை விட நம்பத் தகுந்தது.

தரவு கெடுவதற்கு ஆழமான காரணம் வேறொன்று. வெளிக்கள உத்தியோகத்தரின் வேலை ஒப்பந்தம் திட்டத்தோடு கட்டப்பட்டது. திட்டத்தின் நீடிப்பு நல்ல எண்களோடு கட்டப்பட்டது. புனரமைத்த பத்துக் கிணறுகளில் நான்கு வற்றிவிட்டன என்று உண்மையை எழுதுபவர், தன்னுடைய வேலையையும் சக ஊழியர்களின் வேலையையும் ஆபத்துக்குள்ளாக்குகிறார். அந்த உண்மையை எழுதியதற்காக எந்த நிறுவனமும் நிதியை இழக்காது என்று நீங்கள் எழுத்தில் உறுதியளிக்காத வரை, எந்தச் செயலியாலும் இதை மாற்ற முடியாது. ஆபிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கேயுள்ள 20 நாடுகளின் விவரங்களைத் திரட்டி, கைப்பம்பிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இயங்கவில்லை என்று கிராமிய நீர் வழங்கல் வலையமைப்பு என்ற சர்வதேச அமைப்பு 2009இல் வெளிப்படையாகச் சொன்னது. அந்த எண் துறைக்கு வெட்கத்தைத் தந்திருக்கலாம். பராமரிப்பையும் உதிரிப்பாகங்களையும் பற்றி உலகம் பேசத் தொடங்குவதற்கு அது பெரிதும் உதவியது.

ஆகவே நான் கேட்பவை இவை. ஒவ்வொரு திட்ட நிதியிலும் ஒரு பகுதியை, நிறைவுக்குப் பிந்திய அளவீட்டுக்கென்று பிரித்து வையுங்கள். அதைத் திட்டத்தை நிறைவேற்றிய நிறுவனம் செய்யக் கூடாது. கிழக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் இதற்கான ஆய்வுகூடங்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். எழுந்தமானமாகத் தெரிவுசெய்த வீடுகளில், கோடையின் கடைசியில் ஒருமுறையும் மாரியின் நடுவில் ஒருமுறையும் அளக்க வேண்டும், ஏனெனில் எங்கள் நாட்டில் நீர் குறைவது ஒரு பருவத்தில், அது மாசடைவது மற்றப் பருவத்தில். கிணற்றில் மட்டும் மாதிரி எடுத்தால் போதாது. குடிக்கும் குவளையிலும் எடுக்க வேண்டும். 100 மில்லிலீற்றர் நீரில், மலக் கலப்பைக் காட்டும் ஈ. கோலி பற்றீரியாவை வீட்டிலேயே சோதிக்கும் முறையை யுனிசெப்பின் வீட்டுமட்ட ஆய்வுகள் பல நாடுகளில் கையாண்டு வருகின்றன. ஆய்வுகூடப் பயிற்சி இல்லாத கணக்கெடுப்பாளர்களே அதைச் செய்கிறார்கள். தொலைவைக் காரணம் காட்டி இதைத் தவிர்க்க இனி இயலாது.

அளந்தவற்றை ஊருக்குத் திருப்பித் தாருங்கள். எங்கள் கிணறுகளைப் பற்றிய எண்கள் உங்கள் தலைநகரங்களின் கணினிகளில் இருக்கின்றன. அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இல்லை. திட்ட அலுவலகம் மூடப்படும்போது பெட்டிகளோடு தரவும் போய்விடுகிறது. அடுத்து வரும் நிறுவனம் அதே வீடுகளில் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்கிறது. ஒவ்வொரு கிணற்றுக்கும் குழாய்க்கிணற்றுக்கும் ஒரே இலக்கம் கொண்ட பதிவேடு பிரதேச சபையிலும் சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனையிலும் இருக்க வேண்டும். ஒரு வீட்டு நீரில் கிருமி இருந்தால் முதலில் அந்த வீட்டுக்குச் சொல்லுங்கள், அறிக்கை பிறகு வரட்டும்.

இதோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெயர்ப் பட்டியல் என்றால் நெஞ்சு பதறும் அனுபவம் உள்ள மக்கள் எங்கள் மக்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் விவரமும் வீட்டின் இட அமைவும் ஒரே கோப்பில் யார் யார் கைக்கோ போகக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. கிணற்றின் விவரம் பொதுவில் இருக்கட்டும். குடும்பத்தின் விவரம் அதிலிருந்து பிரிந்து, தேவையானவர்களிடம் மட்டும் இருக்கட்டும்.

அடுத்த திட்ட முன்மொழிவுகளுக்கான அழைப்பை வெளியிடும்போதே இந்த நிபந்தனைகளைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கொழும்பில் முடிவு செய்யாமல், பிரதேச சபை உத்தியோகத்தர்களையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கப் பெண்களையும் ஒரே மேசையில் இருத்திப் பேசி முடிவு செய்யுங்கள். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும், எது வற்றும், அப்போது எந்த வளவுக்குக் குடத்தோடு போக வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்குத் தெரியும். இதுவரை அவர்களிடம் வந்த படிவங்களில் அதை எழுத ஒரு கட்டம் இருந்ததில்லை.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து, கிராமிய நீர் வழங்கல் பணியில் உள்ள ஒருவர்