புற்றுநோய்ச் செல்லில் மூலிகைச் சேர்மம்: ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெறியாளர்களே,

வணக்கம். செல்களைத் தட்டில் வளர்க்கும் செல் கல்ச்சர் அறையில் வேலை பார்ப்பவன் நான். இலையிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்து, ஆண்களுக்கு உள்ள புரோஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய்ச் செல்கள்மேல் விட்டுப் பார்ப்பதை வீண் வேலை என்று சொல்லவே மாட்டேன். முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோசிடாக்செல், ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் கிடைக்கும் சேர்மத்திலிருந்து செய்வதுதான். அப்படி இன்னொன்று நம் மாணவர் கைக்கும் வரலாம். அதனால்தான் சோதனை சரியாக நடக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பலர் பிசி-3 என்ற புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல் வகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வளர்ப்பது சுலபம், சரி. ஆனால் ஒருவரின் எலும்புக்குப் பரவிய கட்டியிலிருந்து வந்த அந்தச் செல், ஆண் ஹார்மோனை நம்பி வளர்வதில்லை. நோய் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலானோருடைய கட்டி அந்த ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. அதைப் பார்க்க, ஆண் ஹார்மோனை நம்பி வளரும் எல்என்கேப் என்ற செல் வகை வேண்டும். அதுவோ மெதுவாக வளரும், தட்டில் சரியாக ஒட்டாது. மீடியத்தை, அதாவது வளர்ப்புத் திரவத்தை, மாற்றும்போது பிப்பெட் குழாயைக் கொஞ்சம் வேகமாக இழுத்தால் கொத்துக் கொத்தாகக் கிளம்பி வந்துவிடும். அப்படிப் போனதெல்லாம் கணக்கில் மருந்து கொன்ற செல்லாகிவிடுகிறது. அவசரப்படும் மாணவரிடம் இந்தப் பிழை கட்டாயம் வரும்.

எத்தனை செல் உயிரோடிருக்கிறது என்று நிறத்தை வைத்துப் பார்க்கும் எம்.டி.டி. சோதனையில் இதற்கு நேர்மாறான சிக்கல். உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும் என்பதுதான் கணக்கு. குவெர்செடின் போன்ற தாவரச் சேர்மங்கள் செல்லே இல்லாமலும் ஊதாவாக்கிவிடும். செத்த செல்லும் உயிரோடிருப்பதாகக் காட்டும். நல்ல சேர்மமே தவறிப்போகலாம். செல் போடாத நாலைந்து குழிகளில் சேர்மத்தையும் சாயத்தையும் மட்டும் விட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கூடவே புற்றுநோய் இல்லாத புரோஸ்டேட் செல்லையும் வையுங்கள். எல்லாச் செல்லையும் கொல்வது மருந்தாகாது.

அப்புறம் அளவு. ஒரு மருத்துவ ஆய்வில், நாளுக்கு 8 கிராம் குர்குமின் (மஞ்சளில் உள்ள சேர்மம்) சாப்பிட்டவர்களின் ரத்தத்தில்கூட அதன் சராசரி உச்ச அளவு 2 மைக்ரோமோலரை (செறிவை அளக்கும் அலகு) தொடவில்லை. நாம் தட்டில் 20, 30 மைக்ரோமோலர் என்று ஊற்றிவிட்டு 'புற்றுநோயைத் தடுக்கும்' என்று எழுதுகிறோம். அந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்தும் நோயாளி இருக்கிறார்.

தூய்மையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற பிசி-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கலவை, புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவை நோயாளிகளுக்கு உண்மையிலேயே இறக்கியது. பரிசோதித்தபோது சில தொகுதிகளில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்தும், டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனும் இருந்தன. 2002இல் திரும்பப் பெற்றார்கள்.

ஆய்வுத் திட்டத்தில் கையெழுத்திடும்போதே இவற்றைக் கேளுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் மாதங்களை மாணவருக்குக் கொடுங்கள். எல்லாம் முறையாகச் செய்து, 'இந்தச் சேர்மம் வேலை செய்யவில்லை' என்று வரும் ஆய்வேட்டுக்கும் பட்டம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வகப் பணியாளர்