பச்சை விளக்கும் பூக்காத சாமந்தியும்

காவேரிப்பட்டினம்
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. பண்டிகை, விருந்தாளி, அப்புறம் தோப்புக்கு மருந்தடிப்பு என்று பதில் தள்ளிக்கொண்டே போனது. மா இந்த வருடம் நன்றாகப் பூத்திருக்கிறது. பனி கருக்காமல் இருந்தால் சரி. அம்மா சுகம். உன்னை இன்னமும் "அந்த ஒல்லிப் பையன்" என்றுதான் கேட்கிறாள்.

ராத்திரி பதினொரு மணிக்கு வேலை முடிந்து வந்து செடிக்குத் தண்ணீர் விடுகிறேன், பச்சை பல்பு போட்டுக்கொண்டால் செடிக்கு அது இருட்டு மாதிரியே இருக்கும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருந்தாய். நல்ல ஆளிடம் கேட்டாய் போ. இந்தப் பச்சை பல்பால் நான் பட்டதைச் சொல்கிறேன், கேள்.

மொட்டை மாடியில் குரங்குத் தொல்லை தாங்காமல் ஆவணியில் ஆறு சாமந்தித் தொட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, அலமாரித் தட்டில் வைத்து எல்இடி விளக்கு மாட்டினேன். காலை ஏழுக்கு எரிந்து மாலை ஐந்துக்கு அணைகிற மாதிரி டைமர். கார்த்திகையில் நாலு தொட்டி மொட்டு விட்டது. ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும் இலையாகவே வளர்ந்தது. தண்டு ஒரு முழம், மொட்டு ஒன்றுகூடக் கிடையாது. உரம் கூடிவிட்டதோ என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா கண் பட்டுவிட்டது என்றாள்.

ஒரு நாள் ராத்திரி ராயக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் வரும்போதுதான் பொறி தட்டியது. சாமந்தித் தோட்டம் முழுக்கக் கம்பி இழுத்து பல்பு தொங்கவிட்டிருக்கிறார்கள், கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கிறது. எதற்கு? நீண்ட ராத்திரி கிடைத்தால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். செடி சின்னதாக இருக்கும்போதே மொட்டு வைத்துவிடாமல், வெளிச்சத்தால் ராத்திரியை உடைத்து, முதலில் ஆளாக வளரட்டும் என்றுதான். நம் ஊரில் ஆனி மாதத்திலேயே பகல் 13 மணி நேரத்தைத் தொடாது, மார்கழியில் பதினொன்றரையை ஒட்டித்தான் இருக்கும். சும்மா விட்டால் சாமந்தி எப்போது வேண்டுமானாலும் பூக்கத் துடிக்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அம்மாவுக்காக ராத்திரி முழுக்க எரிகிற பச்சை ஜீரோ வாட் பல்பு அந்த இரண்டு தொட்டிக்கும் ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை! நானும் பச்சைதானே, செடிக்குத் தெரியாது என்று அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பழைய சிடி ஒன்றின் பின்பக்கத்தை அந்த பல்புக்குக் காட்டிச் சாய்த்துப் பார்த்தேன். பச்சைப் பட்டை நடுவில் பளிச்சென்று இருந்தது. அதன் ஓரத்தில் மஞ்சள், அதற்கும் அப்பால் மங்கலாகச் சிவப்பு. அது இழை பல்பு மாப்ள, உள்ளே இருப்பதில் சிவப்புதான் அதிகம், மேலே பூசிய பச்சைச் சாயம் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. பச்சை எல்இடியில் அதே சிடியைக் காட்டினேன், பச்சை மட்டும்தான் தெரிந்தது. உன் பல்பையும் இப்படிப் பார்த்துவிடு, காசு செலவில்லை.

சிவப்பு ஏன் ஆகாது என்றால், செடிக்குள் பைட்டோகுரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது. ராத்திரி எவ்வளவு நீளம் என்று செடி உணர்வதில் அதற்குப் பெரிய பங்கு. 660 நானோமீட்டர் பக்கத்துச் சிவப்பு பட்டால் அது வேறு வடிவத்துக்கு மாறுகிறது, இருட்டில் மெல்ல மெல்லப் பழையபடி திரும்புகிறது. நடுராத்திரியில் சிவப்பு பட்டால் ராத்திரிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. 1938இல் ஹாம்னர், பானர் என்ற இரண்டு தாவர ஆராய்ச்சியாளர்கள் நீண்ட ராத்திரியின் நடுவில் சிறிது நேரம் வெளிச்சம் காட்டியே செடியின் பூப்பை நிறுத்திவிட்டார்கள். எந்தச் செடி தெரியுமா? நம் ஆட்டு ரோமத்தில் ஒட்டிக்கொள்ளுமே மருளூமத்தை முள்காய், அந்த இனம்!

சரி, சுத்தமான பச்சை என்றால் தெரியவே தெரியாதா? அதுவும் இல்லை. இலை பச்சையாகத் தெரிவதால் பச்சையை முழுக்கத் திருப்பி அனுப்புகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான இலைகள் விழுகிற பச்சையில் முக்கால் பங்கு வரை உறிஞ்சிக்கொள்ளும். பைட்டோகுரோமும் பச்சையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளத்தான் செய்கிறது, சிவப்பு அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். செடியை ஆராய்கிறவர்கள் ஆய்வுக்கூடத்து இருட்டறையில் பச்சை விளக்குதான் வைத்துக்கொண்டார்கள், அதற்குக் காரணத்தில் பாதி நம் கண்ணில் இருக்கிறது. 555 நானோமீட்டர் பக்கத்துப் பச்சைதான் மனுஷக் கண்ணுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். அதனால் துளி வெளிச்சத்திலேயே வேலை முடிந்துவிடும். அந்தத் துளியை விட்டுவிட்டு, வெறும் பச்சை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நாற்பது வாட் பல்பு மாட்டுகிறார்கள் சிலர்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மணி பிளான்ட்டுக்கும் பாம்புச் செடிக்கும் இந்தக் கவலையே வேண்டாம், டியூப் லைட்டைப் போட்டே தண்ணீர் ஊற்று. உன் கலாஞ்சோ பூச்செடிதான் இந்த விஷயத்தில் சாமந்தி மாதிரி, நீண்ட ராத்திரி இருந்தால்தான் பூக்கும். அது பக்கம் போகும்போது மட்டும் மங்கலான பச்சை எல்இடி டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடி, இரண்டு நிமிடத்தில் வெளியே வா. செல்போன் டார்ச் வேண்டாம், வெள்ளை வெளிச்சத்தில் சிவப்பும் சேர்த்திதான். காலையில் தண்ணீர் விட முடிந்தால் இந்தப் பாடே இல்லை, ஆனால் நீ எட்டு மணிக்கு முன் எழுந்து நான் பார்த்ததில்லை.

என் வீட்டில் விளக்கை அணைக்கலாம் என்று மெல்ல ஆரம்பித்தேன். "உன் பூ மலர்றதுக்கு நான் இருட்டுல விழுந்து இடுப்பை ஒடிச்சிக்கணுமாடா?" என்றாள் அம்மா. தொட்டிகளைத்தான் பின் அறைக்குத் தூக்கினேன். நாலு வாரம் ஆகிறது. நேற்று குருத்தை விரலால் விலக்கிப் பார்த்தேன், மிளகு அளவில் ஒன்று, கடுகு அளவில் மூன்று.

மாசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். அதற்குள் விரிந்துவிடும். ஊருக்குத் திரும்பும்போது மறக்காமல் நிப்பட்டு வாங்கித் தருகிறேன். உன் சிடியில் என்ன தெரிந்தது என்று மட்டும் எழுது.

உன்
மச்சான்